நண்டைக் கேளாமல் வெட்டிய ஏழு வாய்க்கால்

மலையடிக் காட்டில் ஓர் ஆறு ஓடியது. அதன் நீரைக் காடு முழுவதற்கும் பங்கிடும் வேலையைக் காட்டின் தலைவனான யானை நரியிடம் ஒப்படைத்தது.

நரி ஐப்பசி மாதத்தில் மூன்று நாள் வந்து ஆற்றைப் பார்த்தது. இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியது. "ஏழு வாய்க்கால் வெட்டலாம்," என்றது.

கரையில் குடியிருந்த நண்டு குறுக்கிட்டது. "ஐயா, இது மழைக்காலத் தண்ணீர். பங்குனியில் வந்து பாருங்கள்."

"போன வருஷங்களின் அளவை யாரும் குறித்து வைக்கவில்லையே. நான் கண்ணால் கண்டதைத்தானே நம்ப முடியும்?"

"இந்தக் கரையைப் பாருங்கள். தண்ணீர் இறங்க இறங்க நாங்களும் இறங்கி வளை தோண்டுவோம். அடியில் இருப்பவை வறண்ட கோடைகளில் தோண்டியவை. அப்படிப்பட்ட வருஷங்களில் இரண்டு வாய்க்காலுக்குத்தான் நீர் தேறும். சந்தேகமிருந்தால் நீர்நாயைக் கேளுங்கள்."

நரி சிரித்தது. "சேற்றில் இருக்கும் ஓட்டையெல்லாம் சாட்சியா? போய் உன் வேலையைப் பார்."

யானை நரியையே நம்பியது. காட்டுப்பன்றிகள் ஏழு வாய்க்கால்களையும் வெட்டின. "கடைமடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும்," என்று நரி வாக்குக் கொடுத்தது. அதை நம்பிப் புள்ளிமான்கள் தங்கள் பழைய சுனையை விட்டு அங்கே குடிபோயின.

தை பிறந்ததும் ஆறு மெலிந்தது. பங்குனியில் மேலே இருந்த வாய்க்கால்களே நீரை முழுதும் இழுத்துக்கொண்டன. கடைமடையில் மண் வெடித்தது. ஒரு மான்குட்டி தாகத்தில் செத்துப்போனது.

தாய்மான் யானையின் முன்னால் வந்து நின்றது. அது வாய் திறக்கும் முன்பே நரி, "ஆறு நம்மை ஏமாற்றிவிட்டது," என்றது.

நண்டுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஆறு எப்போதும்போல்தான் ஓடுகிறது! தெரியாததைத் தெரியாது என்று நீ சொல்லியிருந்தால் இவள் சுனையை விட்டு வந்திருப்பாளா? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில் உனக்கு என்ன கேவலம்?"

"அரைகுறை விவரத்தோடு வேறு என்ன செய்வது?" என்று நரி முணுமுணுத்தது.

"இரண்டு வாய்க்காலோடு தொடங்கியிருக்கலாம்," என்றது தாய்மான். "நீர் மிஞ்சினால் மூன்றாவதை வெட்டியிருக்கலாம். என் குட்டியை இனி எங்கிருந்து கொண்டுவருவாய்?"

"குற்றம் எனக்கும் உண்டு," என்று யானை தலைகுனிந்தது. அன்றே நரியை வேலையிலிருந்து விரட்டியது. மேலே இருந்த ஐந்து வாய்க்கால்களின் வாயை மண்ணால் அடைத்தது. மறுவாரம் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. ஆற்றோரம் வாழும் அத்தனை பேரையும் கூட்டி, அவரவர் கண்டதைச் சொல்லச் சொல்லி யானை உட்கார்ந்து கேட்டது. அந்தக் கூட்டத்துக்குத் தாய்மான் வரவில்லை.

அளவு குறித்து வைக்கப்படாத ஆற்றைப் பங்கிட வருகிறவர், அதன் கரையில் வாழ்கிறவர்களைக் கேளாமல் வாக்குக் கொடுப்பது பெரும் அநியாயம்.