கிளிப்போர்டில் முன்பு இருந்தது

ரத்த வங்கியின் வண்டியை இருபது வருடம் ஓட்டி முதுகு போனபின் தாணுலிங்கம் கணினி அறைக்கு மாற்றப்பட்டார். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்குக் கட்டளைகள் கற்றுத் தந்தவள் ஜெனிலா. அவளுக்கு இருபத்தொன்பது. அவள் அவரை அண்ணாச்சி என்றாள். அவர் அவளை டீச்சர் என்றார்.

ஒரு காலை அவர் ஓடாத குறையாக வந்தார்.

"டீச்சர், நானே கட்டளையெல்லாம் கோத்து எழுதின முதல் ஸ்கிரிப்ட்! பொது ஃபோல்டர்ல வச்சிருக்கேன், அதோட பேரைத் தட்டினா போதும். இன்னைக்கு எந்த ரத்தம் எத்தனை யூனிட்னு எடுத்து, தானே காப்பி பண்ணி கிளிப்போர்டுல வச்சிரும். நேரா பேஸ்ட் பண்ணலாம். எல்லார் மெஷின்லயும் போட்டுரவா?"

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம். என் மெஷின்ல..."

அதற்குள் அவர் அவளுடைய கீபோர்டை இழுத்து ஸ்கிரிப்டின் பெயரை அடித்து என்டரைத் தட்டியிருந்தார்.

ஜெனிலா திறந்து வைத்திருந்த மெயிலில் பேஸ்ட் செய்தாள். ஏ பாசிட்டிவ் பன்னிரண்டு. பி நெகட்டிவ் ஒன்று.

"பாத்தீங்களா! நம்ம பழைய வண்டியைவிட வேகம்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது.

"முன்னாடி கிளிப்போர்டுல என்ன இருந்துச்சு டீச்சர்?"

"எங்க அம்மாவுக்கு எழுதின கடிதம். ரெண்டு வருஷமா பேச்சில்ல. நாலு நாளா எழுதினேன். ஆபீஸ் ஃபைல்ல கிடக்க வேண்டாம், மெயில்ல போடலாம்னு கட் பண்ணி, ஃபைலை சேவ் பண்ணி மூடிட்டேன்."

"கிளிப்போர்டுல ஒண்ணுதான் நிக்கும், இல்லையா?"

அவள் தலையசைத்தாள்.

"ஏசுங்க டீச்சர்."

"ஸ்கிரிப்ட்ல பிழை ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி."

அதைக் கேட்டதைவிட ஏச்சே வாங்கியிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

மதியம் அவர் சோற்றுப் பொதியைப் பிரிக்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்து வந்தார்.

"காப்பி பண்ற வரியை எடுத்துட்டேன். இனி திரையில காட்டும், அவ்வளவுதான். வேணுங்கிறவங்க கட்டளைக்குப் பின்னால காப்பி கட்டளையைச் சேர்த்துக்கிடட்டும். இப்ப சரியா?"

ஜெனிலா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க. கடிதம் ஞாபகம் இருக்கிற மட்டும் சொல்லுதேன். நீங்க அடிங்க."

"நானா? என் விரல் மெதுவாத்தான் போகும்."

"மெதுவாவே போகட்டும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அம்மா," என்று தொடங்கினாள் ஜெனிலா. "அன்னைக்கு நீ ஏதோ சொல்ல வந்தே. முடிக்கிறதுக்குள்ள நான் பேசிட்டேன். இப்ப சொல்லு. கேக்கேன்."