பூவாயி பிடுங்கின தோட்டம்

ஒரே ஒரு ஊர்ல, மலைக்கு அடியில, காடு முடிஞ்சு கொல்லை தொடங்குற எடத்துல பூவாயின்னு ஒரு பொம்பள இருந்தா. அவ புருசன் பேரு சங்கிலி. பனையேறி. ஒருநா காலையில பனையில கால் வழுக்கி விழுந்தான், விழுந்தவன் எந்திரிக்கவே இல்ல. உசுரு இருந்துச்சு, பேச்சு இருந்துச்சு, இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. அப்புறம் கட்டில்தான் அவனுக்கு ஊரு, கூரைதான் அவனுக்கு வானம்.

சங்கிலிக்கு ஒரு தம்பி, வீரணன்னு பேரு. காதுல செவப்புக்கல்லு கடுக்கன் போட்டிருப்பான். அவங்கப்பன் சாகையில கழட்டிக் குடுத்த கடுக்கன். அண்ணன் படுத்த மறுமாசம் வீரணன் வந்தான், கட்டில் ஓரத்துல உக்காந்தான், அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான், அழுது முடிச்சுட்டு, அப்பன் வச்சுட்டுப் போன கொல்லையப் பாகம் பிரிச்சிரலாமான்னு கேட்டான். காட்டை ஒட்டின பாதி அண்ணனுக்கு, உள்பாதி தனக்குன்னு சொன்னான். கெணறு ஒங்க பக்கம் வருது மதினி, தண்ணி சொமக்கவேணாம் பாருங்கன்னான். ஊரே அவனைப் பாராட்டுச்சு. கெணத்தையே விட்டுக் குடுத்துட்டானேன்னு பேசுச்சு. நடுவுல ஒரு வேலி போட்டுக்கலாமான்னு பூவாயி கேட்டதுக்கு, நமக்குள்ள எதுக்கு மதினி வேலின்னு சிரிச்சான்.

கெணத்தைப் பாத்தாளே தவிர, காட்டை அவ பாக்கல.

பெறகு பூவாயி அந்தக் கொல்லையில தோட்டம் போட்டா. கத்திரி வச்சா, வெண்டை வச்சா, மிளகா வச்சா, ஓரத்துல பந்தல் கட்டி அவரை ஏத்திவிட்டா. அதுல காச்சாத்தான் அவ சந்தைக்குப் போவா, சந்தைக்குப் போனாத்தான் கம்பும் கேப்பையும் வரும், அது வந்தாத்தான் சங்கிலிக்குக் கஞ்சி. புரியுதா புள்ளைகளா? அது வெறும் காய் இல்ல, ரெண்டு உசுரு.

மொதப் பூ வந்துச்சு. பூவோட மானும் வந்துச்சு. விடியக்காலம் எந்திரிச்சுப் பாத்தா, கத்திரிச் செடி முழங்கால் ஒசரத்துக்கு மொட்டையா நிக்குது, மண்ணு பூராம் கொளம்புத் தடம். பூவாயி தலையில கைய வச்சு உக்காந்தா. அப்புறம் எந்திரிச்சு அருவாளை எடுத்துக்கிட்டு ஓடைக்குப் போயி உடமுள்ளு வெட்டினா, எலந்தமுள்ளு வெட்டினா, தலைச்சொமையா சொமந்து வந்து மூணு பக்கமும் ஆளுசர வேலி போட்டா. வீரணன் கொல்லைப் பக்கம் மட்டும் தெறந்து கெடந்துச்சு, அவன்தான் வேணாம்னானே. கையெல்லாம் கிழிஞ்சு, ராத்திரி கஞ்சி ஊத்தையில உப்பு பட்டு எரிஞ்சுச்சாம். சங்கிலி அந்தக் கையப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்.

நாலு நாள் ஒண்ணும் வரல. அஞ்சாம் நாள் காலையில பாத்தா, காட்டுப்பக்கம் ஒரு எடத்துல முள்ளு வெலகிக் கெடக்கு, வெண்டையில பாதி இல்ல.

வீரணன் வந்து பாத்தான். அடப்பாவமேன்னான். முட்டித் தள்ளிட்டு வந்திருக்கு மதினி, பசிச்ச மானு முள்ளுக்கு அஞ்சுமான்னான். அவ நம்பினா. முள்ள இழுத்து அடைச்சுட்டு, சங்கிலியோட பழைய வேட்டியையும் சட்டையையும் குச்சியில மாட்டி, கரிச்சட்டியில சுண்ணாம்பால கண்ணு வச்சுக் கவுத்து, பொம்மை நட்டா. நட்டுட்டுத் திரும்பிப் பாத்தப்ப புருசன் எந்திரிச்சு நிக்கிற மாதிரியே இருந்துச்சாம். மூணாம் நாள் காலையில பொம்மை குப்புறக் கெடக்கு, சட்டி ஒடஞ்சு கெடக்கு, மிளகாக் கொழுந்து பூராம் போச்சு.

காத்தா இருக்கும் மதினின்னான் வீரணன்.

அப்புறம் அவ நாசுவன் வீட்டுல போயி வெட்டின முடியக் கேட்டு வாங்கி, துணியில முடிஞ்சு வேலி நெடுகத் தொங்கவிட்டா. மீன் கழுவின தண்ணியக் கேட்டு வாங்கியாந்து சுத்தித் தெளிச்சா. நாத்தம் தாங்காம சங்கிலி ரெண்டு நாள் கஞ்சி எறங்காமக் கெடந்தான். மானு வருமா அந்த நாத்தத்துக்கு? வந்துச்சே. வெலகின எடத்துல மட்டும் முடிச்சுக ஒண்ணுகூட இல்ல, அவரையில எட்டுன வரைக்கும் எலை இல்ல.

அன்னைக்கு அவ வாய்விட்டுச் சொன்னா, குழி வெட்டப்போறேன்னு. வீரணன் கன்னத்துல போட்டுக்கிட்டான். வாயில்லாச் சீவன் மதினி, கொஞ்சம் தின்னுட்டுப் போகட்டும், பாவம் நமக்கெதுக்குன்னு சொன்னான். சொல்லிட்டு அவன் கொல்லைக்குப் போனான். அவன் கொல்லையில பூசணி குடம் குடமா உருண்டு கெடந்துச்சு, கெழங்கு மண்ண வெடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஒரு எலையில பல்லுத்தடம் இல்ல.

அந்த வருசம் அம்மன் கொடைத் திருவிழாவுல ஊர்ச்சோத்துக்கு வேண்டிய காய் பூராம் நானே குடுக்குறேன்னு வீரணன் சொல்லியிருந்தான். காய் குடுக்குறவனுக்குக் கோயில்ல பரிவட்டம் கட்டுறதுன்னு முடிவாயிருந்துச்சு. அதைப் பேசக் கூட்டத்துமேல கூட்டம் போட்டாங்க, அவனும் போனான். அவன் போன மூணு நாளும் பூவாயி உச்சிவெயில்ல குழி வெட்டினா. மொத நாள் முழங்கால் ஆழம், ரெண்டாம் நாள் இடுப்பு ஆழம், மூணாம் நாள் தலை மறையுற ஆழம். எந்த எடத்துல முள்ளு வெலகுதோ அதுக்கு உள்ளாறயே வெட்டி, குச்சி பரத்தி, கோரையப் போட்டு, மேல மண்ணத் தூவிவிட்டா. யாருக்கும் சொல்லல. சங்கிலிக்கும் சொல்லல.

மறுநா விடியயில போயிப் பாத்தா, குழிக்குள்ள ஒரு பெட்டைப் புள்ளிமான். முன்னங்காலு ஒடிஞ்சு வேறபக்கமாத் திரும்பிக் கெடக்கு. வேலிக்கு அங்கிட்டு ஒரு குட்டி நிக்குது, ஓடவும் இல்ல, வரவும் இல்ல.

பூவாயி குழி ஓரத்துல உக்காந்தா. கையில கடப்பாரை. அந்த மானைப் பாத்து அவ சொன்னா: "எம்புருசன் கஞ்சியத் தின்னியே, ஒனக்கு இந்தக் காடு பத்தலையா?"

அந்தக் காலத்துல மானு பேசும்டி, சும்மா கேளு. மானு சொல்லுச்சு: "வேலி தெறந்து கெடந்துச்சு. வந்தோம்."

"பொய் சொல்லாத. முட்டித் தள்ளிட்டு வந்தீங்க."

"முள்ள முட்டினா எங்க கண்ணு போயிரும் தாயி. பொழுது எறங்கையில ஒருத்தன் வருவான். வெளிய நின்னுக்கிட்டே நுனி ரெண்டாப் பிரிஞ்ச கவக்கம்பால முள்ளத் தூக்கி ஓரமா வைப்பான். நீ கட்டித் தொங்கவிட்டதை அவுத்துப் போட்டான். நீ நட்டு வச்ச ஆளைத் தள்ளிவிட்டான். அவரைக்கொடியப் பிச்சு எங்க வழியில போட்டு வைப்பான். நாங்க வாசம் புடிச்சு வருவோம், இங்கயே வயிறு ரொம்பிரும், திரும்பிருவோம்."

"யாரு அவன்?"

"மனுசருக்குப் பேரு உண்டுன்னு எனக்குத் தெரியாது. காதுல செவப்பா ஒண்ணு மின்னும்."

பூவாயி கையில இருந்த கடப்பாரை தானா எறங்குச்சு. அவ கெணத்துக்குப் போயித் தண்ணி எறைச்சு, மம்பட்டியால ஒரு பக்கம் மண்ணச் சரிச்சு எறங்கி, சட்டியில வச்சுக் குடுத்தா. மானு ரெண்டு வாய் குடிச்சுச்சு. தூக்கிவிடப் பாத்தா, முடியல. உச்சிப்பொழுதுக்கு முன்னால அது செத்துப்போச்சு. அந்தக் குழியிலயே மண்ணத் தள்ளி மூடினா. குட்டி அங்கயே நின்னு பாத்துச்சு, அப்புறம் ஒரு நேரத்துல அதைக் காணோம்.

அன்னைக்குப் பொழுது சாயயில வெலகின முள்ள அடைச்சுட்டு அவரைப் பந்தலுக்கு அடியில ஒளிஞ்சு உக்காந்தா. மானு பேச்சு பொய்யாப் போயிரணும்னு சாமி எல்லாத்தையும் கும்பிட்டா. வீரணன் வந்தான். கவக்கம்பால முள்ளத் தூக்கி ஓரமா வச்சான். எட்டி அவரையப் பிச்சான், போட்டான், கையத் தட்டிக்கிட்டுப் போனான். ஒரு வேலையா வந்துட்டுப் போறவன் மாதிரி போனான். அவ கூப்பாடு போடல.

வீட்டுக்கு வந்து சங்கிலிகிட்டச் சொன்னா, ஒண்ணுவிடாமச் சொன்னா. கூரையப் பாத்துக்கிட்டே அவன் சொன்னான்: "எந்தம்பி பூவாயி. விட்டுரு. அவனைப் பகைச்சுக்கிட்டா எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

அவ கேட்டா: "நான் யாரு?"

அவன் போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டான்.

மறுநா வீரணன் கொடைக்கு மேளக்காரங்களை அழைக்க அசலூருக்குப் போயிட்டான். பூவாயி தோட்டத்துக்குள்ள எறங்கினா. கத்திரியப் பிடுங்கினா. வெண்டையப் பிடுங்கினா. மிளகாயப் பிடுங்கினா. தின்னது போக மிச்சம் தழைச்சு நின்னுச்சுல்ல, அதைப் பூராம் வேரோட பிடுங்கினா. அவரையில ஒரு கொத்துப் பிஞ்சு வந்திருந்துச்சு, நகக்கண்ணு அளவு. அதைப் பாத்தப்ப மட்டும் கை நின்னுச்சு. பெறகு அதையும் பிடுங்கினா. எல்லாத்தையும் மலையா அள்ளிக் கெணத்துக்குள்ள போட்டா. காட்டுப்பக்கத்து வேலிய அவ கையாலயே அகலமாத் தெறந்துவிட்டா. போயிக் கதவைச் சாத்திட்டுப் படுத்தா.

மொத நாள் மானு வந்துச்சு. பூவாயி கொல்லையில வெறும் மண்ணு, அது வழியா நேரா நடந்துச்சு. நடுவுல தடுக்க என்ன இருக்கு? வீரணன் தோட்டத்து எலை பூராம் போச்சு. மேளம் பேசிட்டுத் திரும்பினவன் காலையில ஓடியாந்தான். வேலிய அடைங்க மதினின்னு கெஞ்சினான்.

"எனக்கு அடைச்சு வைக்க என்னப்பா இருக்கு?" அம்புட்டுத்தான் அவ கேட்டா.

அவன் கொல்லைக்குன்னு தனியா முள்ளு வெட்டி அடைக்கப் பத்து நாளாகும், அருவா புடிச்சுப் பழகாத கை அவனுக்கு. ரெண்டாம் நாள் காட்டுப்பன்னி வந்து கெழங்கை உழுதுட்டுப் போச்சு. மூணாம் நாள் முள்ளம்பன்னி வந்து ஒவ்வொரு பூசணியா ஓட்டை போட்டு வச்சிருந்துச்சு. கொடைக்கு இன்னும் ஒரே நாள்.

வீரணன் கோயில் வாசல்ல ஊரைக் கூட்டி, மதினி வேணும்னே வேலியத் தெறந்துவிட்டுட்டான்னு சொன்னான். பெரியவங்க பூவாயியக் கேட்டாங்க. தெறந்தேன்னு அவ ஒத்துக்கிட்டா. "நான் ஒரு நாள் தெறந்தேன். இவரு ரெண்டு மாசமாத் தெறந்தாரு. நாங்க காட்டுக்குக் காவல், இவரு எங்களுக்குப் பின்னால வெவசாயம்." கவக்கம்பச் சொன்னா, அவரைக்கொடியச் சொன்னா, செத்த மானைச் சொன்னா. ஒரு பெரியவர் வீரணனைப் பாத்து, இம்புட்டுப் பெரிய தோட்டத்துக்கு ஒன் வேலி எங்கப்பான்னு கேட்டாரு. அம்மனுக்கு நேர்ந்த காய அண்ணன் பொண்டாட்டி வயித்தெரிச்சல்ல வளத்தியாடான்னு இன்னொருத்தரு துப்பினாரு. பரிவட்டம் கட்டல. கொடையில அவனுக்கு எலை போடல. அவன் கண்ணுல பட்ட புள்ளைகெல்லாம் கையக் கவக்கம்பு மாதிரி தூக்கிக் காட்டுச்சுக. ஒரு மாசம் தாக்குப்புடிச்சான். அப்புறம் கடுக்கன வித்துட்டு ஊரை விட்டே போயிட்டான். எங்க போனான்னு யாரும் கேக்கல.

சங்கிலி மட்டும் கேட்டான். வாசல்ல ஆள் நடமாட்டம் கேட்டா, தம்பியான்னு கேப்பான். இல்லைன்னு பூவாயி சொல்லுவா. செவுத்தப் பாத்துத் திரும்பிக்குவான்.

பூவாயி மறுபடி நட்டாளான்னுதானே கேக்குறே? நடல. அடுத்தவங்க கொல்லையில களை வெட்டப் போனா, ஒரு நேரக் கஞ்சிக்குக் கொண்டாந்தா. அவ கொல்லையில இப்ப கோரை மண்டிக் கெடக்கு, மானு பட்டப்பகல்ல வந்து படுத்துக்கெடக்கும், அவ வெரட்டுறதில்ல. கெணத்துத் தண்ணியில அந்தத் தழை அழுகின நாத்தம் ரொம்ப நாள் போகலியாம்.

கூடப்பொறந்தவன் கஞ்சியில கைய வச்சவன் தலை நிமிந்து நடக்கல. அவனைத் தலை குனிய வச்சவ வயிறும் நெறயல. இதுல நியாயம் இருக்கு, நெறவு இல்ல. அம்புட்டுத்தான் கதை.

கதை காட்டுக்குப் போச்சு, நீங்க பாய்க்குப் போங்க.