சார் சுட்ட பொடி

குருவுக்கு வயது முப்பத்தொன்பது, சீடருக்கு ஐம்பத்துமூன்று. குரு, பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியை ஜெசிந்தா. சீடர், முனைவர் பட்டத்துக்கு ஆசைப்பட்ட பாலிடெக்னிக் ஆசிரியர் தணிகாசலம். இவர் அவரை "மேடம்" என்பார். அவர் இவரை "சார்" என்பார்.

விஷயம் ஒரு வெள்ளைப் பொடி. சிர்கோனியா என்னும் உலோக ஆக்சைடில் கந்தக அமிலத்தை ஏற்றி உலையில் சுட்டால் வினையூக்கி தயார். நேராக நீண்டு கிடக்கும் ஹெக்சேன் மூலக்கூறு அதன்மேல் பட்டால் கிளை விட வேண்டும். தணிகாசலம் முதல் தடவை சுட்ட பொடியில் அது ஜோராக நடந்தது. அதன்பின் ஆறு தடவை சுட்டார். ஆறும் கோலம் போடக்கூட லாயக்கில்லை.

ஆய்வேடு கொடுக்க இந்த வாரம்தான் கெடு. அதற்குள் பழைய பலன் திரும்ப வராவிட்டால் ஐந்து வருட உழைப்பு அம்போ. பாவம், மனிதருக்குச் சோறே இறங்கவில்லை.

"அதே அளவு, அதே அறுநூறு டிகிரி, அதே மூணு மணி நேரம். எங்க மேடம் தப்பு?"

"இன்னொரு தரம் வையுங்க சார், பார்க்கிறேன்." ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தணிகாசலம் பொடியை உலைக்குள் வைத்தார். சூடு அறுநூறைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சூடு சட்டென்று இறங்கியது. மூடியதும், உலை பதறிக்கொண்டு அறுநூறைத் தாண்டி ஓடியது. மறுபடி திறந்தார். நான்காவது தடவை மீசை பொசுங்கும் வாசனை வந்தது.

"என்ன சார் தேடறீங்க?"

"நிறம் சரியா இருக்கான்னு பார்க்கிறேன் மேடம். ஒரு அக்கறைதான்."

"முதல் தடவை எத்தனை தரம் திறந்தீங்க?"

"அன்னிக்கு எங்க! பொண்ணுக்கு வளைகாப்பு. உள்ள வச்சிட்டு ஓடிட்டேன். சாயங்காலம் வந்தா, உலை தானா அணைஞ்சு ஆறிக் கிடக்கு. இப்ப நினைச்சாலும் வெட்கமா இருக்கு மேடம்."

"இதைக் கொட்டிட்டுப் புதுசா வையுங்க."

வைத்தார். ஜெசிந்தா அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். மூன்று மணி நேரத்தில் தணிகாசலம் ஒன்பது தடவை எழுந்தார்.

ஒன்பது தடவையும், "உக்காருங்க சார்."

மறுநாள் அந்தப் பொடியின்மேல் ஹெக்சேனை விட்டார்கள். கிளை விட்டிருந்தது, முதல் தடவையைவிட அதிகமாகவே. தணிகாசலம் வாய்விட்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"அளவும் மாறல, சூடும் மாறல, நேரமும் மாறல. தயாரிப்பு முறையில எதை மாத்தினோம்னு எழுதட்டும் மேடம்?"

"சுடும்போது ஆராய்ச்சியாளர் கேன்டீன்ல இருக்கணும்னு எழுதுங்க சார்."