நூலகத்தில் ஊர் வரலாறு தேடிய கூழாங்குடியார்

கூழாங்குடிக்காரர்களை யாரும் குறை சொல்ல முடியாது. சொன்ன சொல்லைச் சொன்னபடியே கேட்கிற சனங்கள். தொல்லையே அதில்தான் வந்தது.

மாசித் திருவிழாவில் ஆற்றில் முதல் முழுக்கு எங்கள் அம்மனுக்குத்தான் என்று கூழாங்குடியும் பக்கத்து நெட்டூரணியும் மல்லுக்கு நின்றன. கூழாங்குடிப் பூசாரி சடைமாயனுக்குச் சோறு இறங்கவில்லை. "முதல் முழுக்கு உனக்குத்தான் தாயே" என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார் மனுசன்.

தாசில்தார் முடிவாகச் சொன்னார்: "வாய்ப்பேச்சு ஆகாது. உங்க ஊர் வரலாற்றுப் புத்தகம் சொல்லட்டும், ஒத்துக்கறேன். வெள்ளிக்கிழமைதான் கெடு."

மச்சான் மொக்கையனையும் சித்தப்பா ஒச்சப்பனையும் கூட்டிக்கொண்டு சடைமாயன் டவுன் நூலகத்துக்குப் போனார். நூலகர் அம்மா, புத்தக விவர அட்டைகள் அடுக்கிய இழுப்பறைகள் நிறைந்த ஒரு பீரோவைக் காட்டினார். "ஆசிரியர் தெரிஞ்சா ஆசிரியர்ல தேடுங்க. இல்லேன்னா தலைப்புல தேடுங்க."

"ஆசிரியரைத் தெரியுமாடா?" என்றார் ஒச்சப்பன்.

"தெரியாம என்ன சித்தப்பா, நம்ம பள்ளிக்கூடத்து ஞானதிரவியம் சார்தானே" என்றார் சடைமாயன்.

அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள்.

"சார், கொஞ்சம் கையத் தூக்குங்க" என்று மொக்கையன் அவர் சட்டைப்பையைத் துழாவினான். சடைமாயன் சாரின் குடையை விரித்து உதறினார். பேனாவும் பொடிமட்டையும் விழுந்தன.

"என்னய்யா தேடுறீங்க?"

"ஊர் வரலாறு சார். உங்ககிட்ட இல்லேன்னா தலைப்புல இருக்குமாம்."

அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் ஒரு சேலைத் தலைப்பு பாக்கியில்லை. முடிச்சு முடிச்சாக அவிழ்த்துப் பார்த்தார்கள். திருநீறு இருந்தது, சாவி இருந்தது, பேரனுக்கு விழுந்த பால்பல் இருந்தது. சடைமாயன் தன் பெண்டாட்டியிடமும் போய் நின்றார்.

"என் தலைப்புல ஊர் வரலாறா இருக்கு? உங்களுக்கு வாக்கப்பட்ட வரலாறுதான் இருக்கு" என்றாள் அவள்.

மறுநாள் வெறுங்கையோடு வந்து நின்றவர்களைப் பார்த்து மனமிரங்கி, நூலகர் அம்மாவே அட்டையைத் தேடி, நம்பரைப் பார்த்து, புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். மூவரும் விழுந்து கும்பிட்டார்கள். பிறகு எதிரில் உட்கார்ந்து, அது சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

காலை போனது. மதியமும் போனது.

"தொண்டை கட்டியிருக்குமோ? சுக்குக் காப்பி வாங்கியாரவா?" என்று மொக்கையன் காதோடு கேட்டான்.

ஒச்சப்பன் சுவரைக் காட்டினார். 'இங்கே பேசக் கூடாது' என்று பலகை தொங்கியது. "பாவம், அது எப்படிடா பேசும்?"

வெள்ளிக்கிழமை தாசில்தார் முன்னால் சடைமாயன் கண்கலங்கி நின்றார். "புத்தகம் கிடைச்சிருச்சுங்க ஐயா. அந்தப் பலகையை மட்டும் நீங்க கழட்டச் சொல்லிட்டா, வாயைத் திறந்து சொல்லிரும்."

தாசில்தார் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்களுக்குப் புரியவைப்பதைவிட நெட்டூரணிக்காரர்களைச் சமாதானம் செய்வது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

திருவிழா அன்று அம்மனை ஆற்றங்கரையில் இறக்கி வைத்தார்கள். மொக்கையன் உத்தரவை எழுத்துக் கூட்டி வாசித்தான்: "கூழாங்குடி பொதுமக்களே, முதல் முழுக்கு உங்களுக்கே."

கூட்டம் திகைத்தது.

"அம்மன் பேரு இல்லியே மச்சான்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். நமக்குத்தான் போட்டிருக்கு."

சடைமாயன் அம்மன் முன்னால் கைகூப்பினார். "தாயே, சத்தியம் பண்ணினது நெசந்தான். ஆனா இது சர்க்கார் உத்தரவு. செத்த பொறுத்துக்க."

ஊரே தொபுக்கடீரென்று ஆற்றில் குதித்தது. கரையில் அம்மன், அவர்களுடைய வேட்டி துண்டுகளுக்குக் காவல் இருந்தாள்.