செங்கமலம் முகம் திருப்பிய கதை

கேளுங்கள். கடல் கடந்து கடாரத்துக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்த காலம் அது. கடலோரப் பட்டினம் ஒன்றில் உப்பு வணிகர் ஒருவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் செங்கமலம், இளையவள் வடிவு. இருவரையும் ஒரே தெருவில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்.

நோயில் விழுந்த வணிகரை வடிவுதான் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஒரு நண்பகலில் அவர் மூச்சு இழுத்தது. அக்காவுக்கு ஆளனுப்பத் தோன்றாமல், அப்பாவின் கால்களைப் பிடித்தபடி வடிவு அழுதுகொண்டிருந்தாள். செங்கமலம் வந்தபோது உடல் குளிர்ந்திருந்தது.

இனித் தங்கை முகத்தில் விழிப்பதில்லை என்று அன்று அவள் முடிவு செய்தாள்.

முதல் முறை, கிணற்றடியில் வடிவு எதிரே வந்தாள். செங்கமலம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எளிதாக இல்லை. பாதிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

இரண்டாம் முறை, கோயில் வாசலில். அவ்வளவு சிரமமாக இல்லை.

மூன்றாம் முறை, சந்தையில். கீரைக்காரியோடு விலை பேசிக்கொண்டே திரும்பிவிட்டாள். திரும்பியதே அவளுக்குத் தெரியவில்லை.

காலம் ஓடியது. கோபம் வற்றிவிட்டது. வடிவுக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தி வந்த அன்று, யாருக்கும் சொல்லாமல் குலதெய்வத்துக்கு விளக்கேற்றினாள். நல்ல நாள் பார்த்துப் பேசிவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் தெருவில் தங்கையைக் கண்டால் கழுத்து தன் வேலையைச் செய்துவிடும்.

ஒரு நாள் செங்கமலம் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வடிவு இடுப்பில் குழந்தையோடு வந்தாள். காலடி கேட்டதுமே செங்கமலத்தின் முகம் சுவர்ப்பக்கம் போய்விட்டது.

"அக்கா, கடாரத்துக்குக் குடிபோகிறோம். கப்பலில் ஏறச் சொல்லிவிட்டார்கள்" என்றாள் வடிவு. "இவனை ஒருதரம் பார்த்துவிடேன்."

திரும்ப வேண்டும் என்றுதான் செங்கமலம் நினைத்தாள். முறம் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. வடிவு குழந்தையை மறுபக்கம் மாற்றி இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்து முறத்தைப் போட்டுவிட்டுச் செங்கமலம் துறைக்கு ஓடியபோது, பாய் விரித்த கப்பல் வெகுதூரம் போயிருந்தது. அவள் கணவன் மாறன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"நான் திருப்பவில்லை. அது தானாகத் திரும்பிவிட்டது" என்று மணலில் உட்கார்ந்து அழுதாள்.

மாறன் அவளைத் திட்டவில்லை. "முதல் நாள் நீதான் திருப்பினாய். இன்றைக்கும் கழுத்து உன்னுடையதுதானே" என்றான் மெல்ல.

அந்தக் கப்பல் புயலில் போனதா, அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்களா, யாரும் வந்து சொல்லவில்லை. கப்பல் வரும்போதெல்லாம் செங்கமலம் துறைக்குப் போவாள். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் நேராகப் பார்ப்பாள். தங்கை பிள்ளை யார் சாயலில் இருந்தான் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

ஆகவே, ஒருநாள் நாமே தேர்ந்துகொண்ட வழக்கம் பிறகு தானாக நடப்பதுபோலத் தோன்றினாலும், ஒவ்வொரு நாளும் அதை நடத்துகிறவர் நாமேதான்.