உள்ளே ஒன்றும் இல்லாத சுவர்

"நாளையிலேர்ந்து நான் வரல எஸ்தர்," என்றார் நயினார். துளை போடும் மெஷினை அவள் முன்னால் வைத்தார்.

"ஏன் சார்?"

"எம்மக கோமதி வீட்டுல நான் மாட்டின பலகை விழுந்துட்டு."

நயினார் பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தன்னிடம் படித்த எஸ்தரிடமே தொழில் பழக வந்துவிட்டார். மனுஷனுக்கு அந்த மட்டில் வீம்பு கிடையாது.

எஸ்தருக்குச் சுவரில் நீளப் பலகை மாட்டும் வேலை. கீழே முட்டு இருக்காது. சுவரில் முடுக்கிய இரும்புப் பட்டையிலிருந்து கம்பிகள் நீண்டு பலகைக்குள் ஒளிந்துகொள்ளும். பார்க்கிறவர்களுக்குப் பலகை அந்தரத்தில் நிற்கும்.

"யாருக்கும் அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல. பாதி பீங்கான் தட்டு போச்சு. அவ ஒரு வார்த்தை திட்டல. விளக்குமாறை எடுத்துப் பெருக்கினா. இனிமே அப்பா கைவச்ச எதையும் அவ நம்ப மாட்டா. அதத்தான் என்னால தாங்க முடியல."

எஸ்தர் மெஷினை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"வாங்க, போவோம்."

கோமதி வீடு புது அடுக்குமாடி. அறையைப் பிரிக்கும் சுவரில் நாலு ஓட்டை பிய்ந்து கிடந்தது.

"மட்டம் சரி, அளவு சரி," என்றார் நயினார். வாத்தியார் அல்லவா, லேசில் விடுவாரா? "இதே திருகாணி செங்கல் சுவத்துல நிக்குது. கான்கிரீட்ல நிக்குது. எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் செஞ்சேன். இந்தச் சுவருதான் மோசம்."

"தட்டிப் பாருங்க."

விரல் முட்டியால் தட்டினார். தொம், தொம் என்றது. ஜிப்சம் அட்டை அடித்த சுவர்.

"உள்ள ஒண்ணுமே இல்ல. காலி. இதுல என்னத்தப் போட்டாலும் நிக்காது."

எஸ்தர் சிரித்துவிட்டாள்.

"ஒன்பதாங் கிளாஸ்ல என் மண்டையத் தட்டி இதையேதான் சொன்னீங்க."

நயினாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. சொல்லியிருப்பார். யாரிடம்தான் சொல்லவில்லை?

"இன்னும் தட்டுங்க சார். ஒவ்வொரு சாணா நகந்து தட்டுங்க."

தட்டினார். காலி. காலி. மறுபடியும் காலி. அவள் அவசரப்படுத்தவில்லை.

ஓரிடத்தில் சத்தம் கெட்டியாகக் கேட்டது. காதை ஒட்டவைத்துக்கொண்டு திரும்பத் தட்டினார்.

"இங்க இருக்கு எஸ்தர். உள்ள இரும்புச் சட்டம் நிக்குது."

"அடுத்தது?"

இரண்டடி தள்ளி அதுவும் இருந்தது. அதற்கும் அடுத்தது இருந்தது. வாத்தியார் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார், தேர்வில் பாஸான பையன் மாதிரி.

அந்தச் சட்டங்களில் பட்டையை முடுக்கிப் பலகையைச் செருகினார்கள். கோமதி மிஞ்சிய தட்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். நயினார் பலகைக்கு அடியில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"கையை எடுங்கப்பா," என்றாள் மகள். "அது நிக்கும்."

எடுத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

படி இறங்கும்போது எஸ்தரிடம் மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு உன் மண்டையத் தட்டினப்ப எனக்கு ஏன்மா கெட்டிச் சத்தம் கேக்கல?"

"ஒரே பீரியட்ல உங்களுக்கு அறுபது சுவரு சார்," என்றாள் அவள். "எனக்கு எப்பவும் ஒண்ணுதான்."