காத்திருக்கும் எதிரி

"இதை என்கிட்ட இருந்து வாங்கிக்கங்க அம்மா" என்றார் பூமிநாதன்.

கையில் இருந்தது ஒரு வீடியோ கேம் கருவி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. கல்லூரி விடுதிக்குப் போன மகள் வீட்டில் விட்டுச் சென்றது.

தவமணி அம்மா அதை வாங்கவில்லை.

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் அம்மாவும் சமையல்காரர் ஒருவரும் மட்டும்தான். அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பூமிநாதன் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ரயில் ஓட்டுபவர். சில மாதங்களாக ஓட்டவில்லை.

"தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"போட்டேன். நானே போய்க் குப்பையைக் கிளறி எடுத்துட்டு வந்துட்டேன்."

"அதுல அப்படி என்ன இருக்கு?"

பூமிநாதன் யோசித்தார். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் வெகுநேரம் யோசித்தார்.

"ஜப்பான்காரங்க செஞ்ச கதைம்மா. நாலு பேர் ஊர் ஊரா நடந்து போறாங்க. ஒருத்தன் வாள் வச்சிருக்கான். ஒரு பொண்ணு வைத்தியம் பார்க்குறா. வழியில பூதம் மறிக்கும். சண்டை நடக்கும். அப்புறம் ஒரு சத்திரம் வரும். அங்க ஒரு ராத்திரி படுத்து எழுந்தா எல்லாக் காயமும் ஆறிடும்."

"செத்துப்போனா?"

"ஒரு இறகு இருக்கு. அதை வச்சா எழுந்துருவாங்க."

"வச்சிருக்கீங்களா?"

"பை நிறைய. இதுக்கு மேல சேர்க்க விடாது. ஒண்ணைக்கூடச் செலவு பண்ணல."

"நல்ல ஊராத்தான் இருக்கு. எனக்கே போகணும்போல இருக்கு."

பூமிநாதன் சிரிக்கவில்லை.

"இப்ப நான் ஆடுறதே இல்லம்மா. சண்டை தொடங்கும். நாலு பேரும் ஒரு பக்கம், பூதம் ஒரு பக்கம். என்ன செய்யப்போறேன்னு என்னைக் கேட்கும். நான் எதையும் அமுக்க மாட்டேன். அமுக்காத வரைக்கும் அது அடிக்காது. சாப்பிட்டுட்டு வந்தாலும் நிக்கும். தூங்கி எழுந்தாலும் நிக்கும். அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் மட்டும்தான் நெஞ்சு படபடப்பு அடங்குது."

"அடங்குதுல்ல. அப்புறம் எதுக்கு விடணும்?"

அவர் கருவியைத் தரையில் வைத்தார்.

"என் வீட்டுக்காரி தமயந்தி பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா. என்னைக் கூப்பிட்டா. ஓடினேன். வாசல்கிட்ட நின்னுட்டேன். தூக்கலாமா, பக்கத்து வீட்டைக் கூப்பிடலாமா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமா. ஒவ்வொண்ணா யோசிச்சுக்கிட்டே நின்னேன். அவ என்னையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா. குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"அப்புறம்?"

"பக்கத்து வீட்டம்மாதான் வந்து தூக்கினாங்க. கால் எலும்பு உடைஞ்சுபோச்சு. 'விழுந்ததுகூடப் பரவாயில்ல, நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்களே'ன்னு ஒரு தடவை கேட்டா. அதோட பேச்சு நின்னுபோச்சு. அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார்."

அம்மா குனிந்தார். கருவியை எடுத்துப் பார்த்தார். திரையில் பூதம் நின்றுகொண்டிருந்தது. சார்ஜரோடு கூடத்துச் சுவரோரம் மாட்டி, அப்படியே வைத்தார்.

"இருங்க" என்றார்.

பூமிநாதன் அங்கேயே தங்கினார்.

சாப்பாட்டு நேரத்தில் சமையல்காரர் வந்து, "சோறா, கஞ்சியா?" என்று கேட்டார்.

பூமிநாதன் யோசித்தார். சமையல்காரர் கொஞ்சம் பார்த்தார், பிறகு போய்விட்டார். பூமிநாதன் பதிலோடு சமையலறைக்குப் போனபோது பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

மறுநாள் காலை கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா திரையருகே குனிந்தார்.

"இன்னும் நிக்குதே."

"நிக்கும்மா."

"கால் வலிக்காது?"



பெருக்கி முடித்ததும் அம்மா கருவியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சொல்லிக்குடுங்க."

"நீங்க ஆடப்போறீங்களா?"

"எத்தனை நேரம்தான் அது நிக்கும், பாவம்."

பூமிநாதன் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தப் பட்டன் எதற்கு என்று காட்டினார். அம்மா வாள்காரனை அடிக்கச் சொன்னார். அடித்தான். அடுத்த இரண்டு பேரையும் அடிக்கச் சொன்னார். வைத்தியக்காரப் பெண்ணையும் அடிக்கச் சொன்னார்.

"அவளை அடிக்க விடாதீங்கம்மா. அவ மருந்து போடணும்."

"சொல்லிட்டேனே. மாத்த முடியாதா?"

"முடியாது."

அவள் கையிலிருந்த தடியால் லேசாகத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். பூதம் அசைந்தது. கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தது.

அம்மா பட்டனை அமுக்கினார். இன்னொன்றை அமுக்கினார்.

"எதை அமுக்கினா இது நிக்கும்?"

"எதை அமுக்கினாலும் நிக்காதும்மா."

"ரிப்பேரா?"

"இல்ல. இது அதோட முறை."

அம்மா விடவில்லை. இரண்டு கட்டைவிரல்களாலும் எல்லாப் பட்டன்களையும் மாற்றி மாற்றி அமுக்கினார். கூடத்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

"அமுக்காதீங்கம்மா. பிரயோஜனம் இல்ல."

"நீங்க அமுக்கினீங்களா?"

எதை என்று கேட்கப் பூமிநாதன் வாய் திறந்தார். கேட்கவில்லை.



"ஹாரன் அடிச்சேன். கையை எடுக்காம அடிச்சேன். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். அந்த ஆளு தாண்டிட்டாரும்மா. தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்னுட்டார். என் கண்ணால பார்த்தேன். அப்பாடான்னு இருந்துச்சு."

அம்மாவின் விரல்கள் நின்றன.

"குனிஞ்சு காலைப் பார்த்தார். ஒரு கால்ல செருப்பு இல்ல. தண்டவாளத்துக்கு நடுவுல கிடந்துச்சு. வண்டி வர்றதையும் பார்த்தார், செருப்பையும் பார்த்தார்."

"ம்."

"திரும்பி வந்தார்."

 பூமிநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விசாரணையில என் மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்கம்மா. எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. வேற ஏதாச்சும் ஒண்ணு இருந்திருக்கும். எதையாவது அமுக்கியிருக்கணும். அது எதுன்னு யோசிக்கத்தான் எனக்கு நேரம் வேணும்."

திரையில் கதாயுதம் இறங்கியது. வைத்தியக்காரப் பெண் மண்டியிட்டாள். பிறகு சாய்ந்தாள். இசை மாறவில்லை. பூதம் தன் இடத்துக்குத் திரும்பிப்போய் நின்றது. மீதி மூன்று பேரும் நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கருவியை அவர் கையில் கொடுத்தார்.

"இப்ப யார் முறை?"

பூமிநாதன் திரையைப் பார்த்தார். கீழே கிடந்த பெண்ணைப் பார்த்தார். அவளுக்கு முன்னால் கட்டளைகள் வரிசையாக ஒளிர்ந்தன. எதற்கும் அவசரம் இல்லை. வெளியே ஏதோ சத்தம் கேட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"என்னோடது" என்று சொல்லி நிமிர்ந்தார்.

பக்கத்தில் அம்மா இல்லை.

மழை பிடித்திருந்தது. முற்றத்தில் காயப்போட்டிருந்த புளியை அம்மா தனியாக முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. பாதிப் புளி ஏற்கெனவே நனைந்துவிட்டது.

பூமிநாதன் மீதிப் பாதிக்கு ஓடினார்.